நான்கு முறை வாசித்தால் மறக்காதா?

ஒரே பருவத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எனப் பாடங்கள் குவிந்தாலும், ஒவ்வொன்றையும் நான்கு முறை வாசித்தால் மறக்கவே மறக்காது என்றொரு செய்தி சுற்றி வருகிறது. தவறு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதையே சோதித்தார்கள். நான்கு அமர்வுகளிலும் வாசிக்க மட்டுமே செய்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவிருந்தது. இந்த ஐந்து நிமிட மயக்கம்தான் வதந்திக்குத் தீனி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வெறும் 40. ஒரு அமர்வில் மட்டும் வாசித்து, மூன்று அமர்வுகளில் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சியை வெற்றுத் தாளில் வரைந்து பாருங்கள். அதில் வரும் சிட்ரேட்டுக்கு அடுத்து என்ன என்று பேனா திணறுகிறதா? அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும்.