லேப் மீட்டிங் ஆன்லைனில் ஏன் இரண்டு மணி நேரம் இழுக்கிறது?

கைடும் (ஆய்வு வழிகாட்டி) அவரிடம் பிஎச்டி செய்யும் ஸ்காலர்களும் வாராவாரம் கூடுவதுதான் லேப் மீட்டிங். அது ஆன்லைனில் என்றாலே ஸ்காலர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பழி ஜூம் மேலும் நெட் மேலும் விழுகிறது. என்னைக் கேட்டால், மூன்று தனித்தனி வேலைகளை ஒரே அழைப்பில் திணிப்பதுதான் கோளாறு. இந்த வாரம் யார் என்ன செய்தார்கள் என்று ஒப்பிப்பது ஒரு வேலை. ஆய்வு எங்கே சிக்கி நிற்கிறதோ அதை உட்கார்ந்து பேசுவது இன்னொன்று. சும்மா கூடிப் பேசுவது மூன்றாவது. ஒப்பிப்பதை எழுத்துக்கு மாற்றுங்கள். சிக்கலுக்கு மட்டும் மீட்டிங் போடுங்கள். அரட்டைக்குத் தனி நாள், தனி லிங்க் கொடுங்கள்.

முதலில் கணக்கு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு பேராசிரியரிடம் ஒரே சமயத்தில் 8 பிஎச்டி மாணவர்கள் வரை இருக்கலாம்; இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. 8 பேர் உள்ள குழு என்று வைத்துக்கொள்வோம். "ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தான்" என்று தொடங்குவது, கைடு இடையில் கேள்வி கேட்பதால் 15 நிமிடம் ஆகும். மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு ஸ்காலருக்கு அதில் தன் வேலை பற்றிய பேச்சு 15 நிமிடம். மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் மியூட்டில் இருந்தபடி பேப்பர் திருத்துவார், இல்லையென்றால் குக்கர் விசில் எண்ணுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது மீட்டிங்கே இல்லை, வருகைப் பதிவு.

மாற்று வழிக்கு ஒரு கூகுள் டாக் போதும். வாரத்துக்கு ஒரு தலைப்பு, அதன் கீழ் ஆளுக்கு மூன்று வரி: என்ன முடிந்தது, எங்கே சிக்கியிருக்கிறது, யாரிடம் என்ன வேண்டும். மீட்டிங்குக்கு முந்தைய நாள் இரவு 8 மணி கெடு. கைடு காலையில் படித்து அங்கேயே கமெண்ட் போட்டுவிட்டால் பாதிக் கேள்வி அதோடு முடிந்துவிடும். இதில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு: ஸ்காலர் எழுதுவார், கைடு படிக்காமல் வந்து "சரி, சொல்லுங்க, இந்த வாரம் என்ன பண்ணீங்க?" என்பார். இரண்டு வாரம் இப்படி நடந்தால் மூன்றாவது வாரம் யாரும் எழுத மாட்டார்கள். கைடுக்கு உண்மையிலேயே நேரம் இல்லையென்றால் மீட்டிங்கின் முதல் 10 நிமிடத்தை எல்லோரும் மௌனமாக அந்த டாக்கைப் படிக்க ஒதுக்குங்கள். முதல் தடவை சங்கடமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

மீதி நேரம் இப்படி: வாரம் ஒருவர் மட்டும் விரிவாக, 35 நிமிடம். 8 பேர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்பதற்கு இதுவே ஒத்திகையாகிவிடும். அடுத்த 10 நிமிடம், டாக்கில் "சிக்கல்" என்று குறித்தவர்களில் இரண்டு பேருக்கு. கடைசி 5 நிமிடம் முடிவுகளைப் படித்துக் காட்ட: யார், என்ன, எந்தத் தேதிக்குள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிய வேண்டும்.

நேரம் குறிப்பதில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. தமிழ்நாட்டில் பகுதிநேர ஸ்காலர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள். மாலை வரை வகுப்பு, அப்புறம் காலேஜ் பஸ். மாலை 6 முதல் 8 வரை வைத்தால் பஸ்ஸில் இருப்பவரும் அடுப்படியில் நிற்கும் பெண் ஸ்காலரும் காது மட்டும் கொடுப்பார்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு வைக்கும் கைடுகளைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும். "எல்லாருக்கும் ஓகேவா?" என்று குரூப்பில் கேட்காதீர்கள். கைடு கேட்டால் யார் 'இல்லை' என்பார்கள்? பெயர் தெரியாதபடி கூகுள் ஃபார்மில் நான்கைந்து நேரங்களைக் கொடுத்து, முடியாதவற்றை மட்டும் டிக் செய்யச் சொல்லுங்கள். யாருக்கும் இடிக்காத நேரம் தானாகத் தெரியும்.

பிஎச்டி முடித்துவிட்டு ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போன சீனியரும் சேர்கிறார் என்றால் கடிகாரச் சிக்கல் வரும். நமக்கு மாலை 6:30 என்றால் ஜெர்மனியில் கோடையில் மதியம் 3 மணி, குளிர்காலத்தில் 2 மணி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 அல்லது 8. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களிலும், அக்டோபர் கடைசி வாக்கில் ஒரு வாரமும் யாராவது ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்து காலி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியா கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே அழைப்பை இந்திய நேரத்தில் உள்ள காலண்டரிலிருந்தே அனுப்புங்கள். அமெரிக்கா போனவர் தன் காலண்டரில் போட்டால் நவம்பரில் இங்கே எல்லோருக்கும் 7:30 ஆகிவிடும்.

லிங்க் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆண்டு முழுக்க ஒரே லிங்க், காலண்டரில் ரிப்பீட் போட்டது. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சாதாரண ஜிமெயிலில் கூகுள் மீட், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். பல்கலைக்கழக மின்னஞ்சல் கூகுளில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அதையே பயன்படுத்துங்கள். ஹோஸ்ட் அதிகாரம் கைடு ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் டீன் அறையில் மாட்டிக்கொண்டால் 8 பேரும் வெயிட்டிங் ரூமில் தவம் கிடப்பார்கள்.

ஒலிதான் வீடியோவைவிட முக்கியம், அதற்குத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. பாதிப் பேர் லேபில், பாதிப் பேர் வீட்டில் என்று நடக்கும் கலப்பு மீட்டிங்கில் 'கீஈஈ' என்று ஒரு ஊளை கேட்கும். லேபில் இரண்டு லேப்டாப்பில் ஸ்பீக்கர் திறந்திருக்கும். ஒன்றிலிருந்து வரும் சத்தத்தை மற்றொன்றின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்பும். மைக்கை மட்டும் மியூட் செய்தால் போதாது, ஸ்பீக்கரையும் மூட வேண்டும். ஒரு அறைக்கு ஒரு லேப்டாப்பில் மட்டும் ஒலி, மற்றவர்கள் ஆடியோவிலிருந்து முழுவதுமாக விலகிவிட வேண்டும். இதைவிட நல்லது, ஒருவர் ஆன்லைன் என்றாலும் எல்லோரும் தனித்தனியாக ஹெட்செட்டோடு ஆன்லைனில் வருவது. இல்லையென்றால் லேபில் நடக்கும் பேச்சை வீட்டில் இருப்பவர் டிவி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ப்ளூடூத் இயர்பட்ஸைவிட வயர் வைத்த சாதாரண இயர்போன் மேல். ப்ளூடூத்தில் மைக்கை இயக்கியதும் பல கருவிகள் அழைப்புக்கான தரக்குறைவான ஒலிமுறைக்கு மாறிக்கொள்கின்றன. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். நேர் மேலே ஃபேன் சுற்றினால் மைக்கில் அதுதான் கேட்கும், நாற்காலியை நகர்த்திக்கொள்ளுங்கள். கரண்ட் போகும் ஊர் என்றால் ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள்.

தினம் 1.5 ஜிபி டேட்டா வைத்துக்கொண்டு போனில் வருபவர்களும் இருக்கிறார்கள். குழு வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி, தரம் கூடினால் அதற்கு மேலும் தின்னும். அவர்களுக்கு ஸ்லைடில் உள்ள கிராஃபின் அச்சு எண்கள் எறும்புபோலத் தெரியும். அதனால் பேசுபவர் ஸ்லைடை அன்று காலையே பிடிஎஃப் ஆக டிரைவில் போட்டுவிட வேண்டும். எழுத்து 20 பாயிண்டுக்குக் கீழே வேண்டாம். முழுத் திரையைப் பகிராமல் அந்த ஒரு விண்டோவை மட்டும் பகிருங்கள், வாட்ஸாப்பில் வரும் "மாப்ள, மீட்டிங் முடிஞ்சுதா?" எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை.

கேமராவைக் கட்டாயமாக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வெளியிட்ட கட்டுரை வீடியோ அழைப்பின் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தது: பல முகங்கள் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, இடத்தைவிட்டு அசைய முடியாதது, தலையாட்டல் போன்ற சின்னச் சைகைகளுக்கும் மூளை கூடுதலாக வேலை செய்வது. இரண்டாவதற்கு மருந்து உடனே இருக்கிறது: நம் முகம் நமக்கு மட்டும் தெரியாமல் மறைக்கும் 'ஹைட் செல்ஃப் வியூ'. இங்கே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஒற்றை அறை வீட்டில் பின்னால் அம்மா துணி மடிப்பதைக் காட்ட எல்லோருக்கும் மனம் வராது. ஆனால் எட்டுக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவதும் கொடுமைதான். இதற்கு ஒரு வழி: பேசுபவர், கைடு, அவர்களோடு அந்த வாரத்துக்கு முறை வைத்து இரண்டு பேர் மட்டும் கேமரா போடட்டும். மற்றவர்கள் விருப்பம்.

ரெக்கார்டிங்கை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஆனால் சிவப்புப் புள்ளி எரிந்தால் "சார், இந்த பேஸ்லைன் கரெக்ஷன் எதுக்கு?" என்று கேட்க இருந்தவர் கேட்க மாட்டார். கருவி இயக்கும் பயிற்சி, வெளியாள் பேச்சு, இவற்றுக்கு மட்டும் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். தானாக உள்ளே நுழையும் ஏஐ குறிப்பெடுப்பான்களை வெளியேற்றுங்கள். வெளியாகாத முடிவுகள் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகின்றன. போதாக்குறைக்கு, பாதித் தமிழ் பாதி ஆங்கிலத்தில் நாம் பேசுவது அதில் உளறலாக வருகிறது. குறிப்பெடுக்க ஒரு ஆள் போதும்.

இனி அரட்டை நேரம். லேபில் இதை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. பிசிஆர் ஓடும்போது, டீக்கடையில், ஜெராக்ஸ் வரிசையில் அது தானாக நடக்கும். ஆன்லைனில் தானாக நடக்காது, ஏற்பாடு செய்தால் செயற்கையாகிவிடும். இந்த முடிச்சை அவிழ்க்க ஆள் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். ஒரு அறையில் 15 பேர் நேரில் நின்றால் மூன்று நான்கு கூட்டமாகப் பிரிந்துகொள்வார்கள். ஆன்லைனில் ஒரு சமயத்தில் ஒரு குரல்தான் கேட்கும். ஒருவர் பேச 14 பேர் சிரித்த முகத்தோடு உறைந்திருப்பார்கள். பேசும் அந்த ஒருவர் பெரும்பாலும் கைடு, பேச்சு பெரும்பாலும் அவருடைய பிஎச்டி காலம். ஆகவே அறைக்கு மூன்று அல்லது நான்கு பேர். ஜூமில் பிரேக்அவுட் ரூமை முன்கூட்டியே வலைத்தள செட்டிங்கில் இயக்கிவைத்து, 12 நிமிடம் ஒரு சுற்று, கலைத்துப்போட்டு இன்னொரு சுற்று. மொத்தம் அரை மணி. தமிழ் தெரியாத ஸ்காலர் இருந்தால், இரண்டு சுற்றிலும் அவரோடு ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கக் கூடியவர்களைப் போடுங்கள். மற்ற மூவரும் தமிழில் சிரிக்க அவர் சும்மா இருப்பதைவிட வராமலே இருக்கலாம்.

வெள்ளி மாலை 4 மணி நல்ல நேரம். வேலை நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இரவு 8 மணிக்கு வைப்பது அரட்டை அல்ல, ஓவர்டைம். லேப் மீட்டிங் முடிந்த கையோடும் வேண்டாம், திட்டு வாங்கியவர் அங்கே என்ன சிரிப்பார்? கைடு முதல் 10 நிமிடம் இருந்துவிட்டு "நான் கிளம்புறேன், நீங்க பேசுங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிப் போக வேண்டும். வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.

விளையாட்டுகளில் ஸ்க்ரிபிள் (ஒருவர் வரைய, மற்றவர்கள் அது என்ன சொல் என்று கண்டுபிடிப்பது) நன்றாக ஓடும், நம் வார்த்தைகளை நாமே கொடுக்கலாம்: சென்ட்ரிஃபியூஜ், ரிவ்யூவர் 2 (நம் கட்டுரையைக் குதறும் அந்த இரண்டாவது மதிப்பீட்டாளர்), ப்ளேஜியரிசம் ரிப்போர்ட். ரிவ்யூவர் 2ஐ ஒவ்வொருவரும் எப்படி வரைகிறார்கள் என்று பாருங்கள். நான்கு பேராவது இருந்தால் கோட்நேம்ஸ், ஒற்றைச் சொல் குறிப்பை வைத்து வார்த்தைகளைக் கண்டுபிடிக்கும் அணி விளையாட்டு. படப் பெயரைத் தனி சாட்டில் அனுப்பி டம்ப் ஷராட்ஸ் ஆடலாம். பாட்டுக்குப் பாட்டு மட்டும் எச்சரிக்கை: இரைச்சல் குறைப்பு பாட்டையே இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும், ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட வேண்டும். சேர்ந்து பாடவே முடியாது. ஒலி வந்து சேரும் தாமதத்தால் ஆளுக்கொரு தாளமாகிவிடும்.

விளையாட்டே பிடிக்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு, என் கணிப்பில் எல்லோருக்குமே, ஜோடி அழைப்புதான் சிறந்தது. 8 பெயர்களை நான்கு நான்காக இரண்டு வரிசையில் எழுதுங்கள். மேலும் கீழும் உள்ளவர்கள் ஜோடி. அடுத்த முறை முதல் பெயரை அசைக்காமல் மற்ற ஏழையும் ஒரு இடம் சுழற்றுங்கள். 7 சுற்றில் மொத்தம் 28 ஜோடிகள், எல்லோரும் எல்லோரோடும் பேசிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். இதற்கு ஜூம் வேண்டாம், சாதாரணப் போன் அழைப்பு போதும். மொட்டைமாடியில் நடந்துகொண்டே 20 நிமிடம். புதிதாகச் சேர்ந்தவருக்கு எந்தக் கருவிக்கு யாரிடம் சாவி, எந்த பில்லை எந்த செக்‌ஷனில் கொடுப்பது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவரும்.

இன்னொன்று, சேர்ந்து எழுதும் நேரம். 50 நிமிடம் எல்லோரும் மியூட்டில் அவரவர் தீசிஸை எழுதுவது, 10 நிமிடம் பேச்சு. பகுதிநேர ஸ்காலர்களுக்கு இதைப்போல உதவுவது வேறில்லை. வீட்டில் "மீட்டிங்கில் இருக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறதே!

வாட்ஸாப்பில் கைடு உள்ள குரூப் ஒன்று, இல்லாத குரூப் ஒன்று இருக்கும். கைடுகளே, இருக்கட்டும். விசாரிக்காதீர்கள். நீங்கள் உள்ள குரூப்பில் இரவு 11 மணிக்குத் தோன்றும் யோசனையை மெயிலில் எழுதிக் காலை 9 மணிக்கு ஷெட்யூல் செய்யுங்கள். கட்டுரை பிடிஎஃப்களை ஸொட்டீரோ (ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் செயலி) குரூப்பில் போடுங்கள், வாட்ஸாப்பில் போட்டது 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில் போய்விடும். ஸ்லாக் என்ற குழு அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து 90 நாளுக்கு முந்தைய பேச்சு தெரியாது; மூன்று ஆண்டு தீசிஸுக்கு அது உதவாது. அதே மாதிரிச் செயலியான ஸூலிப் ஆய்வுக் குழுக்களுக்கு இலவச ஆதரவு தருகிறது, விண்ணப்பித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? பல குழுக்களில் கடைசியாகச் சேர்ந்த பெண் ஸ்காலர் தலையில் விழுகிறது. லிங்க்கும் நினைவூட்டலும் ஒருவர், குறிப்பு ஒருவர், வெள்ளிக்கிழமை அரட்டை ஒருவர் என்று மாதா மாதம் முறை மாற்றி, அந்தப் பட்டியலைக் கூகுள் டாக்கின் முதல் பக்கத்தில் போடுங்கள். குறிப்பெடுக்கும் முறையில் கைடு பெயரும் இருக்க வேண்டும்.