கொலையாளி வந்தானா, வந்தாரா?

"செல்போன், சிசிடிவி எல்லாம் வந்த பிறகு மர்ம நாவல் எழுதவே முடியாது சார்" என்று யாராவது சொல்லாமல் ஒரு வாசகர் கூட்டமும் முடிவதில்லை. நான் ஒத்துக்கொள்வதில்லை. டவர் விவரம் காட்டுவது போன் இருந்த பகுதியை. அது யார் கையில் இருந்தது என்று சொல்லாது. தெருமுனைக் கடையின் சிசிடிவி பெட்டியில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பல கடைகளில் கேமராவே தெருவைப் பார்ப்பதில்லை, கல்லாப்பெட்டியைத்தான் பார்க்கிறது. இத்தனை ஓட்டை இருக்கும்போது கதைக்கா இடமில்லை?

சட்டமும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு கிடையாது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. ஆனால் கொலை 2023இல் நடந்திருந்தால், இன்றைக்கு விசாரித்தாலும் பழைய 302தான். கொலை நடந்த தேதியை முடிவு செய்யாமல் எஃப்.ஐ.ஆர். காட்சியை எழுத முடியாது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். இதெல்லாம் வழக்கறிஞர் நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

டீ வாங்கிக் கொடுத்தாலும் தீராத சங்கடம் நம் வினைமுற்றில் இருக்கிறது. முகம் காட்டக் கூடாத கொலையாளி மாடிப்படி ஏற வேண்டும். "ஏறினான்" என்றால் ஆண், "ஏறினாள்" என்றால் பெண். சந்தேகப் பட்டியலில் பாதிப் பேர் அந்த விகுதியிலேயே கழிந்துவிடுவார்கள். அதனால்தான் காலங்காலமாக "அந்த உருவம் நகர்ந்தது" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். உருவம் கதவைத் திறக்கும், உருவம் கையுறை மாட்டும், உருவத்துக்கு வியர்க்கக்கூடச் செய்யும்.

மரியாதை விகுதி அதைவிடத் தொல்லை. ஐம்பது வயது டாக்டர், ஊரே மதிக்கிற மனிதர். "டாக்டர் உள்ளே வந்தார்" என்று எழுதுகிறோம். அதே அத்தியாயத்தில் அதே வயதுக் கான்ட்ராக்டரை "வந்தான்" என்று எழுதிவிட்டால் வாசகர் அவர் மேல் ஒரு கண் வைத்துவிடுவார். யார் கெட்டவன் என்பது எழுதுகிறவருக்குத் தெரியுமே, அது தன்னையறியாமல் விகுதியில் கசிந்துவிடுகிறது. சரி, எல்லோருக்கும் "ஆர்" போடலாம் என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது. நான் இப்போது ஒவ்வொரு அத்தியாயத்தையும் கதையில் வரும் யாராவது ஒருவரின் பார்வையில் வைத்து, அவர் வாயில் எப்படி வருமோ அப்படியே எழுதுகிறேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு டாக்டர் "வந்தார்". டாக்டரின் அண்ணனுக்கு "வந்தான்". அப்போது விகுதியைப் பார்த்தால் உறவுதான் தெரியும், குற்றம் தெரியாது.

ஆனால் எங்கே கசிகிறது என்பதை எழுதியவரே கண்டுபிடிக்க முடியாது. குடும்ப நாவலை ஆறு மாதம் கிடப்பில் போட்டுவிட்டு எடுத்தால் ஓரளவு வாசகராகவே படிக்கலாம். மர்ம நாவலில் அது நடக்காது. யார் கொன்றது என்பதை எப்படி மறப்பது? சுயமாகப் பதிப்பிப்பதில் மற்றதெல்லாம் கொஞ்சம் காசும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்., அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசம். அமேசானின் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. நாவல்களைத் திருட்டுத்தனமாகப் பகிரும் பிடிஎஃப் குழுக்களைப் பற்றிப் பேசினால் ரத்தக்கொதிப்பு ஏறும், விடுங்கள்.

அப்புறம் இந்தப் பக்கக் கணக்கு. கிண்டில் சந்தாதாரர்கள் படித்த பக்கத்துக்கு ஏற்ப எழுத்தாளருக்குப் பணம் என்றவுடன் 120 பக்கக் கதை 300 பக்கமாக ஊதுகிறது. இன்ஸ்பெக்டர் காபி குடிக்கிறார், கான்ஸ்டபிளிடம் அதுவரை நடந்ததைச் சொல்கிறார், மறுபடி காபி குடிக்கிறார்.

செயலிகளில் தொடராக எழுதுவதில் இன்னொரு ஆபத்து. "கொலை பண்ணினது அண்ணிதான்" என்று எட்டாவது அத்தியாயத்திலேயே பின்னூட்டம் வரும். உடனே பதறிப்போய்க் கொலையாளியையே மாற்றிவிடுகிறார்கள். அதுவரை பார்த்துப் பார்த்து வைத்த தடயமெல்லாம் அனாதை. நாலு பேர் சரியாகச் சொல்லிவிட்டால் தடயங்களை நேர்மையாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். யாராலும் ஊகிக்க முடியாத முடிவைவிட அதுவே மேல் என்பேன். இருபது அத்தியாயம் எங்கும் தலைகாட்டாத ஒரு சித்தப்பா பையனைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்த யாராலும் முடியும்.

புது நாவல் முடிந்திருக்கிறது. பதிப்பகமாக இருந்தால் எடிட்டர் ஒருவர் முதல் வாசகராக உட்காருவார் (நம் ஊரில் எத்தனை பதிப்பகத்தில் என்று கேட்காதீர்கள்). எனக்கு மூன்று பேர் வேண்டும். எந்தப் பக்கத்தில் யார் மேல் சந்தேகம் வந்தது, எந்தப் பக்கத்தில் அது மாறியது என்று ஓரத்தில் குறித்துத் தந்தால் போதும், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். "சூப்பர், நல்லா போகுது" என்று மட்டும் சொல்லும் நண்பர்கள் மன்னிக்கவும். மற்றவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.