மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் இருக்கிறவையும் கொஞ்சம் கூடிக் கதைக்கட்டும்

ராம்ப் கட்டினால் படம் எடுக்கலாம். லிப்ட் போட்டால் பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யலாம். ஆனால் கம்பஸிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஒதுக்கின அறைக்குள் இருந்து வேலை செய்கிற ஆள் அந்த வேலையை எங்கே பழகினார், சிக்கல் வந்தால் யாரைக் கேட்பார் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. நானும் அந்த வேலையில் இருக்கிற ஆள்தான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், யாழ்ப்பாணம் என்பது போதும்.

வேலை எப்படியிருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். பார்வையற்ற மாணவிக்கு விரிவுரைக் குறிப்பு சொப்ட் கொப்பியாக வருகிறது. சேர் நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார். ஆனால் தமிழ் முழுக்க, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிகிற இடத்தில் கோப்புக்குள் உண்மையில் இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். கணினித் திரையில் இருப்பதை உரத்து வாசித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். பிள்ளையின் காதில் விழுவது ஆங்கில எழுத்துக் கூளம். சரி, தமிழைத் தமிழாகவே பதிகிற யூனிகோட்டுக்கு மாற்றுவோம் என்று முழுக் கோப்பையும் தூக்கி மாற்றியில் போட்டால், நடுவில் கிடக்கிற ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ்க் கூளமாகிவிடும். ஆகவே ஆங்கிலத்தில் கை வைக்காமல், தமிழை மட்டும் துண்டு துண்டாக எடுத்து மாற்றி, திரும்ப ஒட்டவேண்டும். அட்டவணை இருந்தால் அன்றைய பொழுது போச்சு.

இதே கூத்து வவுனியா, வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ்களிலும் நடக்காமல் இருக்குமா? பாமினி எங்களுக்கு மட்டும் சீதனமாக வந்ததில்லையே. ஒருவர் கண்டுபிடித்த குறுக்குவழி மற்றவருக்குப் போய்ச் சேர வழியில்லை. அவரவர் அறைக்குள் அவரவர் புதிதாகத் தொடங்குகிறோம். நல்லாப் பழகின ஆளுக்கு வேறு கிளைக்கு மாற்றம் வரும். அடுத்து வருகிறவர் ஆனா ஆவன்னாவிலிருந்து.

இது கணினி விஷயம், எப்படியும் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறு. போர் முடிந்த 2009 இல் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் கம்பஸ் வயதுக்கு வந்துவிட்டார்கள். கால் இல்லாதது தெரியும். உடம்புக்குள் இன்னும் கிடக்கிற ஷெல் துண்டு தெரியாது. பரீட்சை மண்டபத்தில் ஏன் தலையிடிக்கிறது, பட்டாசுச் சத்தத்துக்கு ஏன் எழும்பி ஓடினான் என்று ஒரு பெடியன் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினால், கேட்டுக்கொண்டிருக்கிறவரும் கடைசிப் போர் நடந்த அதே வன்னியால் வந்தவராக இருக்கக்கூடும். பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய் யாரிடம் கதைப்பது? வீட்டில் சொல்லக்கூடாது, ஒப்பீஸிலும் சொல்லக்கூடாது. மாணவரின் அந்தரங்கம்.

பயிற்சி தருகிறோமே என்பார்கள். தருகிறார்கள்தான். ஒருநாள் பட்டறை, மங்கள விளக்கு, ஆங்கிலத்தில் ஸ்லைட், மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். திங்கட்கிழமை அதே பாமினிக் கோப்பு மேசையில் கிடக்கும். எனக்குப் பட்டறை மீது கோபமில்லை. ஆனால் தொழில் வளர்ச்சி என்பது பைலில் சான்றிதழ் சேர்ப்பதில்லை. பக்கத்து மேசை அனுபவம்தான் வேலையைப் பழக்கும். எங்களுக்குப் பக்கத்து மேசையே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்கள் 1977 இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அஹெட் என்று பெயர். மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய சட்டம் அங்கே 1990 இல்தான் வந்தது. அதற்கு முதலே வேலையாட்கள் கூடிவிட்டார்கள். எங்களிடம் சட்டம் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா மட்டங்களிலும் வேலை செய்கிற அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே நாங்கள் கேட்பது சலுகையில்லை.

பெரிய மாநாடு, ஹோட்டல் எல்லாம் வேண்டாம். மாதத்தில் ஒரு அரைநாள். ஒருமுறை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, ஒருமுறை கோப்பாய், இடைக்கிடை வவுனியா. தூரத்தில் இருக்கிறவர்கள் சூமில் வரட்டும். ஆளுக்கொரு சிக்கல் கொண்டுவரவேண்டும். செவிப்புலனற்ற, பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையிலும் பார்வையற்றவர்களுக்கான சுன்னாகம் வாழ்வகத்திலும் எங்களைவிட எத்தனையோ மடங்கு அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் படிக்கவேண்டும், பொன்னாடையோடு அனுப்பிவிடாமல் காசும் கொடுக்கவேண்டும். பார்வையற்ற, செவிப்புலனற்ற பட்டதாரிகளும் இருக்கவேண்டும். அவர்கள் இல்லாமல் நாங்கள் மட்டும் கூடினால் அது உத்தியோகத்தர் சங்கமாகத்தான் முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மாணவரின் பெயரைச் சொல்லாவிட்டாலும் இங்கே ஊரையும் பாடசாலையையும் சொன்னால் போதும், "ஓ, இன்னாற்ர பெடியே" என்று ஆளைப் பிடித்துவிடுவார்கள். எனவே ஊர், பாடசாலை, பீடம் ஒன்றும் வரக்கூடாது. சிக்கலை மட்டும் கதைக்கவேண்டும். இதனால்தான் வட்ஸ்அப் குழு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஸ்கிரீன்ஷொட் போதும், அந்தப் பிள்ளை பிறகு எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

"கூடினால் குறை சொல்லத்தானே கூடுவியள்" என்று ஒரு பெரியவர் சொன்னார். முதல் இரண்டு கூட்டத்தில் குறைதான் வரும், வரட்டும். மூன்றாவதில் யாராவது ஒருவர் மாணவருக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டுப் பீடாதிபதியிடம் எழுதிச் சரிவந்த கடிதத்தைக் கொண்டுவருவார். அதன் பிரதி ஒன்று மற்றவர்கள் கையிலும் இருந்தால், பரீட்சைக்கு முதல் நாள் ஓடித்திரிகிற ஓட்டம் குறையும்.

கடமை விடுமுறை தராவிட்டால் சனிக்கிழமையில் சந்திக்கலாம், எனக்குச் சம்மதம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே சனிக்கிழமைக்கு இறங்கக்கூடாது. இது வேலை நேரத்தில் செய்யவேண்டிய வேலை என்று முதலில் எழுத்தில் கேட்போம். கடிதத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது. என்னோடு சேர்ந்து கையெழுத்து வைக்க வேறு நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வேண்டும்.