அந்த வெள்ளை வாளி யார் கண்ணிலும் படவில்லையா?

இணையத்துப் புகைப்படக் குழுக்களில் "குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்" என்று எழுதித் தாங்கள் எடுத்த படத்தை முன்வைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குறை கேட்கும் எண்ணமே கிடையாது. கருத்துச் சொல்ல வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படத்தைப் பார்ப்பதே கிடையாது. உண்மையாகவே கற்றுக்கொள்ள வந்தவர் இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

சமீபத்தில் ஒரு படம். ஜன்னலோரம் ஒரு சிறுமி உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். இடது பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அவள் கன்னத்தில் பட்டு, மூக்கைத் தாண்டியதும் மெல்ல நிழலாக இறங்குகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்ட விரல் தயாராக நிற்கிறது. எடுத்தவருக்கு வெளிச்சத்தைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. ஆனால் வலது கீழ் மூலையில், பாதி வெட்டுப்பட்டபடி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி. மொத்தப் படத்திலும் அதிகப் பளிச்சென்று இருப்பது அதுதான். கண் முதலில் அந்த வாளிக்குத்தான் போகிறது. முகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாலும் மறுபடி அங்கேயே ஓடுகிறது.

வந்த கருத்துகளைக் கேளுங்கள். "அருமை." "அற்புதம்." "எந்தக் கேமரா?" "பெண் நடுவில் இருக்கிறாளே, மூன்றில் ஒரு பங்கு விதி என்னாயிற்று?" சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்க வேண்டும் என்பது அந்த விதி. இன்னொருவர், கருப்பு வெள்ளையில் மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார். நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சமும் இருட்டும்தானே! அப்போது அந்த வாளி இன்னும் துருத்திக்கொண்டு நிற்காதா? அத்தனை பேரில் ஒருவர்கூட வாளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அரை அடி இடது பக்கம் நகர்ந்து எடுத்திருக்கலாம், வாளியைத் தூக்கி அப்பால் வைத்திருக்கலாம், எதுவும் முடியாவிட்டால் பிறகு அந்த மூலையை மட்டும் இருட்டாக்கியிருக்கலாம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"அருமை" என்று சொல்வதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருத்துக் கேட்டு நிற்பவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவது அன்பே இல்லை, கைகழுவல். படம் நன்றாக இருந்தால் எங்கே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? கன்னத்தில் விழும் வெளிச்சமா, புரட்டப்போகும் விரலா? எது பலித்தது என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த முறை அதைத் தேடிப் போவார். பாராட்டுக்கும் முகவரி வேண்டும்.

விதி பேசுகிறவர்கள் இன்னொரு வகை. படத்தின் மேல் மனத்துக்குள்ளேயே கட்டம் போட்டு, கோட்டில் ஆள் நிற்கவில்லை என்றால் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். அந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கை விதி என்று பெயரிட்டு எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். எழுதிய ஆண்டு 1797. அவர் பேசியது நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி. புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். ஓவியர்களுக்குச் சொன்ன ஒரு நல்ல யோசனையை எடுத்து வந்து, ஒவ்வொரு படத்தின் தலையிலும் சட்டமாகச் சுமத்துகிறார்கள். ஆள் நடுவில் இருப்பதால் படம் என்ன இழந்தது? அதைச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்த விதியை இங்கே இழுக்காதீர்கள்.

எனக்கு அதிகக் கோபம் வருவது "ஷார்ப்பாக இல்லை" என்ற ஒற்றை வரியைப் பார்க்கும்போது. ஏன் இல்லை? காரணம் ஒன்றா? கேமரா பிடித்த கை அசைந்திருந்தால் படம் முழுவதும், அசையாத சுவர்கூட, ஒரே திசையில் இழுபட்டுத் தெரியும். அதற்கு ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவின் கதவு திறந்து மூடும் வேகத்தைக் கூட்ட வேண்டும். தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் குறைந்தது 1/200 நொடி என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. சுவர் தெளிவாக இருந்து, ஓடும் குழந்தையின் கால்கள் மட்டும் கலங்கியிருந்தால் அது குழந்தையின் அசைவு. கேமராவை எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும், ஸ்டாண்டில் வைத்தாலும் அது தீராது. வேகம் கூட்டித்தான் ஆக வேண்டும், வெளிச்சம் போதாவிட்டால், குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஐஎஸ்ஓ அளவை ஏற்ற வேண்டும். முகம் மங்கி, பின்னால் உள்ள செடி துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சரை எஃப் 1.8 வரை அகலமாகத் திறந்து கிட்டத்தில் நின்று எடுத்த முகத்தில் கண் தெளிவாக இருக்கும், காது மங்கியிருக்கும். பலர் அதை வேண்டித்தான் அப்படி எடுக்கிறார்கள். இத்தனையும் படத்திலேயே தெரிகிறது. சற்று நின்று பார்த்தால் போதும். பார்க்காமல் "ஷார்ப்பாக இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர், நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "உடம்பு சரியில்லை" என்று சீட்டெழுதும் மருத்துவர்.

கலங்கல் என்பதே குற்றமும் இல்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸ் நகரத்து ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர் கலங்கித்தான் இருக்கிறார். குதிகால் தண்ணீரைத் தொடப்போகிறது, தொடவில்லை. அந்த மனிதரைத் துல்லியமாக உறைய வைத்திருந்தால் அவர் பறப்பது போலவே இருந்திருக்காது. அந்தப் படத்துக்கும் இவர்கள் "ஷார்ப்பாக இல்லை" என்றுதான் எழுதுவார்கள்.

செயலிகள் சுருக்கி அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு லென்ஸின் தரத்தை அலசுகிறவர்களையும், போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு "படம் இருட்டு" என்கிறவர்களையும் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று வரைந்து காட்ட ஹிஸ்டோகிராம் என்று ஒன்று இருக்கிறது, பாருங்கள்.

பிறகு "நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன்" என்று மார்தட்டும் கூட்டம். "குப்பை" என்பார்கள், "கேமராவை விற்றுவிடு" என்பார்கள். அதில் உள்ளது எது? படத்தில் எந்த இடத்தைத் தொட்டுப் பேசியிருக்கிறார்கள்? கடுமையாகப் பேசிவிட்டால் நேர்மை வந்துவிடாது. புதிதாகக் கேமரா பிடித்த எத்தனையோ பேர் இந்த ஒரு சொல்லுக்காகவே படம் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது என் வயிற்றெரிச்சல்.

கேட்கிறவர்கள் மட்டும் என்ன? வாளியைப் பற்றி நான் எழுதினேன். வந்த பதில்: "அது வேண்டுமென்றே விட்டது." சரி, எதற்காக விட்டீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னும் சிலர் பட்ட பாட்டைச் சொல்வார்கள். விடியும் முன் எழுந்தேன், மலை ஏறினேன், மணிக்கணக்கில் காத்திருந்தேன். உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் சட்டகத்துக்குள் உள்ளதைத்தான் பார்ப்பவர் பார்க்க முடியும். மலை ஏறிய களைப்பு சாய்ந்த தொடுவானத்தை நிமிர்த்தாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த, குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் ஏழைத் தாயின் படம், பொருளாதார மந்த காலத்து அமெரிக்காவின் முகமாகவே ஆகிவிட்டது. அதன் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது கண்ணை இழுக்கிறது என்று நினைத்த லாங்கே, 1939-இல் நெகட்டிவிலேயே அதை மறைக்கச் செய்தார். ஆவணமாக எடுத்த புகைப்படத்தில் கை வைக்கலாமா என்று அவருடைய மேலதிகாரியாக இருந்த ராய் ஸ்ட்ரைக்கர் வருத்தப்பட்டார். யார் சொன்னது சரி என்று இன்றும் வாதாடலாம். வாதாடியது ஒரு விரலுக்காக! உலகமே கொண்டாடிய படத்தின் மூலையைக் கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. நம் படத்தின் மூலையில் இருக்கும் வாளியைச் சொன்னால் மட்டும் முகம் ஏன் சுருங்குகிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். படத்தையே அழித்துவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருவர் நேரம் செலவழித்து, பெரிதாக்கிப் பார்த்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த மூலை தொல்லை செய்கிறது, எங்கே வெட்டினால் சரியாகும் என்று பொறுமையாக எழுதியிருப்பார். மறுநாள் பார்த்தால் படமும் இல்லை, அவர் எழுதியதும் இல்லை. கேட்டவருக்கு மானம் போய்விட்டதாம். அதே தவறைச் செய்துகொண்டிருக்கும் இன்னும் பத்துப் பேர் அதைப் படித்துத் திருந்தியிருப்பார்கள். அவர்கள் வாயிலும் மண். எழுதியவர் அடுத்த முறை "அருமை" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். அப்படி நிறுத்திக்கொண்ட நல்ல கண்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். படத்தை விட்டுவையுங்கள். சொன்னது தவறு என்று பட்டால் ஏன் தவறு என்று அங்கேயே எழுதுங்கள், சண்டைகூடப் போடுங்கள். அழிக்காதீர்கள்.