அந்தப் பிள்ளை ஏன் துப்பட்டாவை விலக்கவே இல்லை?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். குடும்ப வாட்ஸ்ஆப் குழு, பள்ளித் தோழிகள் குழு, அபார்ட்மென்ட் குழு என்று போகிற இடமெல்லாம் இதயமும் கைகூப்பலுமாக அதுதான் கிடக்கிறது. ஆசிரியர்கள் வீடு தேடிப் போகிறார்கள், பள்ளிக்கு வர மறுக்கும் மாணவியிடம் கெஞ்சுகிறார்கள், கடைசியில் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். பின்னணியில் உருக்கமாக ஒரு பாட்டு. "நமக்கெல்லாம் இப்படி ஒரு வாத்தியார் கிடைக்கலையே" என்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது.

சரி, அந்தப் பிள்ளையை யாராவது பார்த்தீர்களா? ஆரம்பம் முதல் கடைசிவரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே இருக்கிறாள். ஓர் இடத்தில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே "மூஞ்சியக் காட்டும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்கிறார். கேமரா கிட்டே போகிறது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதற்கும் ஒரு இதயம்!

பத்தாவது படிக்கிற பிள்ளை, தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வீட்டுக்குள் கிடக்கிறது. அதை லட்சம் பேருக்குக் காட்டிவிட்டு, நாளைக்கு வகுப்பில் வந்து உட்கார் என்கிறோம். இதில் நான் எந்த இடத்தில் நெகிழ வேண்டும்?

"அவ அழுகைய மறைச்சிருப்பா, நீங்களா கதை கட்டாதீங்க" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்தார். இருக்கட்டும் சார். அழுகையை மறைக்கிற பிள்ளையை மட்டும் படம் பிடிக்கலாமா?

என் அக்கா மகள் கதையைச் சொல்கிறேன். (அவளிடம் படித்துக் காட்டி, அவள் வேண்டாம் என்றதை எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். ஊர், பேர், பள்ளி எதுவும் கேட்காதீர்கள்.) பிளஸ் ஒன் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் செத்துப்போகும். திங்கள் காலை வயிற்று வலி, வாந்தி. ஸ்கூல் வேன் தெருமுனையைத் தாண்டிப் போய் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தோசை சாப்பிடுவாள். பார்க்கிறவர்களுக்கு நடிப்பு மாதிரித்தானே தெரியும்? "நல்லா நடிக்கிறா" என்றார் மாமா. ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்த வாந்தி நிஜம். பயம் வந்தால் வயிறு புரட்டும், வேன் போய்விட்டால் பயம் இறங்கும், வயிறும் அடங்கும். இது புரிய எங்கள் வீட்டுக்கு அரைப் பரீட்சை வரை ஆனது.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. வகுப்புக் குரூப் போட்டோவிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். பரு, உதட்டுக்கு மேலே கொஞ்சம் முடி. யாராவது மொக்கை ஜோக் போட்டால் அந்த ஸ்டிக்கர், ஹோம்வொர்க் பற்றிக் கேட்டால் அந்த ஸ்டிக்கர். ஒன்பதாம் வகுப்பில் கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது, 2021 செப்டம்பரில், மாஸ்க் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனவள் இவள். எல்லோரும் கழற்றிய பிறகும் கழற்றாதவள். "பொறுப்பான பொண்ணு" என்று வீட்டில் பெருமை வேறு.

கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போகிறவன் வேறு. அவன் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான், வீட்டுக்கே தெரியாது. இவர்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். படிக்கவும் ஆசை இருக்கும். அவனை இழுத்துவருவது போலவே இவர்களையும் இழுத்துவந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

பதின்ம வயதுக்காரர்கள் எல்லோரும் தங்களையே பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967லேயே இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்று எழுதினார். பாவம், அவர் காலத்தில் அது கற்பனை. நாம் நிஜக் கூட்டத்தையே கூட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டோம். 2024ல் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் வாங்கிய பெண்ணை என்ன செய்தோம்? 98.5 சதவீதம் வாங்கியிருந்தது அந்தப் பிள்ளை. நாடு முழுக்க உட்கார்ந்து அவள் முகத்து முடியை ஆராய்ந்தது. முதல் மார்க் வாங்கினவளுக்கே அந்தக் கதி என்றால், கடைசி பெஞ்சுக்காரி துப்பட்டாவை எதற்கு விலக்குவாள்?

அடுத்து எப்போதும் வருகிற கோஷ்டி: "எங்கப்பா பெல்ட்டால விளாசித்தான் அனுப்பினார், நாங்க நல்லா இல்லையா?" நல்லா இருக்கிறீர்களா என்பதை உங்கள் வீட்டில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். என்னோடு எட்டாவது படித்து நின்றுபோனவர்களை "படிப்பு ஏறல" என்று ஒரே கணக்கில் எழுதி மூடிவிட்டார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை என்பதற்கு இதுதான் ஆதாரம்.

"இதெல்லாம் ஏசி ரூம் பசங்க பிரச்சினை" என்பவர்களுக்கு: வீடியோவில் இருப்பது ஓட்டு வீடு.

ஆசிரியர்களைத் திட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். வீடு தேடிப் போனது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் போனை ஏன் எடுத்துப் போனீர்கள்? அக்கா மகளுடைய வகுப்பு மிஸ்ஸும் வீட்டுக்கு வந்தார். போன் பையிலேயே இருந்தது. முதலில் கடைசி இரண்டு பீரியட் மட்டும் வரட்டும், அசெம்பிளிக்கு வர வேண்டாம், இன்டர்வெல்லில் லைப்ரரியில் இருக்கட்டும் என்றார். ஸ்டிக்கர் செய்த பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ, அவளுக்குத் தெரியாமல் முடித்தார். பிறகு அரை நாள், பிறகு முழு நாள். நடுவில் ஒரு வாரம் மறுபடி படுத்துக்கொண்டாள். அப்போதும் அவர் பதறவில்லை. "அப்ப அனுப்பவே வேணாம்ங்கறியா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அனுப்ப வேண்டும்தான், வீட்டில் இருக்க இருக்கத் திரும்பிப் போவது கஷ்டமாகும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. முடியாவிட்டால் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். 14416 அரசாங்க நம்பர்தான், காசு கிடையாது. அந்த மிஸ்ஸை யாருக்கும் தெரியாது. அவருக்கு ஒரு இதயமும் வரவில்லை.

பள்ளியை மட்டும் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆண்டு விழாவுக்குச் சந்தனத் தட்டும் பன்னீர்ச் செம்பும் பிடிக்க எந்தப் பிள்ளைகளை நிறுத்துவார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஐந்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நான் அந்தத் தட்டைத் தொட்டதில்லை. நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறேன். "நீ ஸ்ட்ராங்கான பொண்ணு" என்பார்கள். 1975ல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம், 2020ல் தன் பேரிலிருந்து 'ஃபேர்' என்பதைத் தூக்கிவிட்டது. நம் கல்யாண வீடுகள் எதையும் தூக்கவில்லை.

அந்த வீடியோவை எங்கள் குடும்பக் குழுவில் முதலில் போட்டது பெரியம்மா. "குழந்தைங்க மனசு கண்ணாடி மாதிரி" என்று மேலே ஒரு வரி வேறு. போன கல்யாணத்தில் அக்கா மகளைத் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "என்னடி இது, மூஞ்சியெல்லாம் அள்ளிக் கொட்டியிருக்கு, எவன் கட்டுவான்" என்று பந்தியில் வைத்துக் கேட்டவரும் இதே பெரியம்மாதான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாராம்.

அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம் வருகிறது. அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள், அக்காவும் சரி என்றுவிட்டாள். நான் போகிறேன். "அவ எங்க, காணோம்?" என்று பெரியம்மா கட்டாயம் கேட்பார். பதில் தயாராக வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதினால் இந்தக் கணக்கை முடக்கிவிடுவார்கள்.