பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வா

வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். நைட் டூட்டி. மூன்று மணிக்கு என் நோயாளி ஒருவர் இறந்துபோனார். மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தியதில் கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. டாக்டர் நேரத்தைச் சொன்னார், சார்ட்டில் எழுதினேன். ட்யூப்களை எடுத்து, உடம்பைத் துடைத்து, வெளியே நின்ற மகளை உள்ளே அழைத்து வந்தேன். அவர் அழுதுகொண்டிருக்கும்போதே போன் வந்தது: "சிஸ்டர், பெட் காலியாயிடுச்சா? ஒரு அட்மிஷன் இருக்கு."

அடுத்த நோயாளிக்கு ஊசி மருந்து எடுக்கப் போனேன். மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, ஆம்ப்யூலை, உடைக்க முடியவில்லை, விரல் அப்படி நடுங்கியது. கூட டூட்டியில் இருந்த அக்கா அதைப் பார்த்தார். என்ன ஆச்சு, ஏன் அழுகிறாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்யூலை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "முகம் கழுவிட்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வா. உன் பேஷன்ட்டையும் நான் பார்த்துக்கிறேன்." அவர் பொறுப்பில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள்.

நான் இன்னும் இந்த வேலையில் இருப்பதற்கு அந்தப் பத்து நிமிடமும் ஒரு காரணம்.

செவிலியர்களின் மன அழுத்தம் என்று பேச்செடுத்தாலே மூச்சுப் பயிற்சி, தியான வகுப்பு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நைட் முடித்து வந்தவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்னால், கோளாறு அவர் மனதில்தான் இருக்கிறது என்று சொல்வதாகத்தான் ஆகும். அவருக்கு அப்போது தேவை தூக்கம்.

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981இல் வேலை அழுத்தமும் சமூக ஆதரவும் பற்றி எழுதியபோது, ஆதரவை நான்கு விதமாகப் பிரித்தார். மனதுக்குத் துணையாக இருப்பது, கையால் உதவுவது, வேண்டிய தகவலைச் சொல்லித் தருவது, செய்த வேலை எப்படி இருக்கிறது என்று நேர்மையாக எடுத்துச் சொல்வது. அக்கா அன்று செய்தது முதல் இரண்டும். நம் இடங்களில் அதிகம் காய்ந்து கிடப்பது கடைசி இரண்டும் என்பது என் அனுபவம். புதிதாக வந்த பெண்ணிடம் மருந்தை அளவாக ஏற்றும் கருவியான இன்ஃப்யூஷன் பம்ப்பை நீட்டிவிட்டு, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் காலை ஹேண்டோவர் என்றால் விசாரணை மாதிரி இருக்கும். ஒருநாள் என்னுடன் படித்த தோழி ஒரு ஆன்டிபயாடிக்கை ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போட்டிருந்தாள். தாமதத்தை அவளே சார்ட்டில் எழுதி, அவளே வாயால் சொன்னாள். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் வேறொரு சீரியஸ் நோயாளியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர் எதிரே, பயிற்சி மாணவிகள் எதிரே, "உன்னையெல்லாம் யார் பாஸ் போட்டது?" என்றார் இன்சார்ஜ். அன்று அந்த வார்டில் இருந்த எல்லோரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம்: தவறு நடந்தால் வாயைத் திறக்காதே. இதனால் பாதிக்கப்படப் போவது நாங்கள் மட்டுமில்லை, அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரும்தான். தோழி எட்டு மாதத்தில் வேலையை விட்டாள். நான் அன்று அவள் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கொருவர் அன்பாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் இதைத் திருப்பிவிடக் கூடாது. செவிலியர் பணியை ஆராயும் லிண்டா ஐகென் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. செவிலியர் மனதளவில் எரிந்து ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. ஆள் போடாமல் அன்பை மட்டும் போதிக்கிற நிர்வாகம் தன் செலவை எங்கள் தோளில் ஏற்றுகிறது. எனக்காக அக்கா அன்று பதின்மூன்று பேரைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொருவருக்கு மூச்சு நின்றிருந்தால் பழி யார் மேல் விழுந்திருக்கும்?

அதனால்தான் சொல்கிறேன், துணையாக நிற்பது தனிமனிதர்களின் நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது. அது ரோஸ்டரில், அதாவது டூட்டிப் பட்டியலிலேயே, இருக்க வேண்டும். இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து நிற்க இருபது நிமிடமாவது வேண்டும். புதியவர் எந்த ஷிஃப்டிலும் தனியாக விடப்படக் கூடாது. டூட்டி மாற்றம் கேட்டால் "வேற ஆள் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பக் கூடாது.

இப்போது நான் இன்சார்ஜ். எங்கள் வார்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நோயாளி இறந்தால், அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கு உடனே அடுத்த அட்மிஷனைக் கொடுப்பதில்லை. வேறொருவர் எடுத்துக்கொள்வார், ஆள் போதாவிட்டால் நானே எடுத்துக்கொள்வேன். நான் லீவில் போனால் இது நின்றுபோகிறது, ஏனென்றால் எங்கேயும் எழுத்தில் இல்லை. எல்லா வார்டுக்கும் விதியாக்கி, அதற்கேற்ற ஆளும் போடுங்கள் என்று நிர்வாகத்திடம் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன். இந்த முறை மற்ற வார்டு இன்சார்ஜ்கள் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.