பட்டனை நகர்த்தினால் பாதுகாப்பும் நகர்ந்துவிடுகிறது

பிரைவசிதான் எங்கள் உயிர் என்று சொல்லும் பிரௌசர்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை முகத்தையே மாற்றிக்கொண்டு வந்து நிற்பதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். "புதுசுன்னா அப்படித்தான், பழகிக்க வேண்டியதுதானே" என்பவர்களிடம் பெரும்பாலும் சொந்த லேப்டாப் இருக்கிறது. நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பது தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில். அங்கே கதை வேறு.

ஒரே கம்ப்யூட்டர். மணலியில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர் வந்து பி.எஃப். பாஸ்புக் பார்ப்பார். அவர் எழுந்ததும் குரூப் 4 ஹால் டிக்கெட் எடுக்க ஒரு பெண் உட்காருவார். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட், வில்லங்கச் சான்று, கரண்ட் பில். எல்லாரும் மெயில் திறப்பார்கள், பாஸ்வேர்டு அடிப்பார்கள். விளம்பரக் கம்பெனிகள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே முதல் ஆபத்து, அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போகிற ஆள். அவரிடமிருந்து காப்பாற்றுவது, எழுந்திருக்கும் முன் பிரௌசரில் நாம் விட்ட தடயம் எல்லாவற்றையும் அழித்துவிடும் அந்த ஒரு பட்டன்.

ஒரு கடையில் ஓனர் அக்கா, "வேலை முடிந்ததும் இதை அழுத்தவும்" என்று ஏ4 தாளில் எழுதி, சிவப்பு ஸ்கெட்சில் அம்புக்குறி போட்டு, லேமினேட் பண்ணி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார். நாளடைவில் வருகிறவர்கள் தாளைப் படிக்காமலே அழுத்தப் பழகிவிட்டார்கள். ஒருநாள் அப்டேட் வந்தது. அம்புக்குறி காட்டிய இடம் காலி. பட்டன் ஒரு மெனுவுக்குள் போய், அதற்குள் இன்னொரு மெனுவில் உட்கார்ந்துகொண்டது. "இன்னா தம்பி, நேத்து வரைக்கும் இங்கதான இருந்துச்சு?" என்று அக்கா எனக்கு போன் போட்டார். வாடிக்கையாளர்கள் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் தேடினார்கள், பின்னால் ஆள் காத்திருக்கிறது, எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் நான் போனபோது யாருடைய மெயிலோ திறந்தே கிடந்தது. மூடும்போது தானாக அழியும்படி செட்டிங் போடலாமே என்பீர்கள். போட்டுத்தான் இருக்கிறது. கூட்டம் இருக்கும் கடையில் பிரௌசரை ராத்திரி வரை யார் மூடுகிறார்கள்?

போனிலும் இதேதான். காசிமேட்டில் ஒரு வீட்டில் ஒரே போனை அம்மா, அண்ணன், தங்கை மூவரும் பார்ப்பது சாதாரணம். மாதவிடாய் பற்றி ஒரு சந்தேகம் தேட நினைக்கும் பெண் பிள்ளைக்கு, தேடியதை நினைவில் வைக்காத தனி (பிரைவேட்) டேப்பைத் திறக்கும், கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் அந்தப் பட்டன்தான் துணை. அது இடம் மாறினால் அவள் அவசரத்தில் சாதாரண டேப்பிலேயே தேடிவிடுவாள். அடுத்து அண்ணன் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து தட்டும்போது அது அப்படியே கீழே வந்து விழும். டிசைன் செய்தவர் வெறும் தோற்றத்தைத்தானே மாற்றினோம் என்று நினைப்பார். இவர்களுக்கோ பட்டன் இருந்த இடம்தான் பாதுகாப்பு.

எனக்குப் பிடித்த பிரௌசர் ஃபயர்பாக்ஸ். அதனால் அதன் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன். 2014 ஏப்ரலில் ஆஸ்ட்ராலிஸ் என்ற பெயரில் டேப்களை வளைத்தார்கள், மெனுவை வலது மூலையில் மூன்று கோடாக்கினார்கள். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பில் வளைவை எடுத்துச் சதுரமாக்கினார்கள். 2021 ஜூனில் புரோட்டான் என்ற புதுத் தோற்றம் வந்து டேப்கள் தனியாக மிதக்கும் பட்டன்கள் ஆயின. இடத்தை மிச்சம் பிடிக்கும் கம்பாக்ட் தோற்றத்தை மெனுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பழைய சின்ன மானிட்டரில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது தேவை, அவர்கள்தான் அபௌட் கான்ஃபிக் என்ற மறைவான செட்டிங் பக்கத்தில் நுழைந்து அதைத் திரும்பக் கொண்டுவரத் தெரியாதவர்கள். ஆண்ட்ராய்டில் 2020 ஆகஸ்டில் செயலியையே புதிதாக எழுதிக் கொடுத்தபோது, ஆட்-ஆன்கள், அதாவது பிரௌசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள், விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. எல்லோருக்கும் மறுபடி திறந்துவிட்டது 2023 டிசம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல்! பிரேவ் என்ற இன்னொரு பிரௌசரை நிறுவினாலோ ரிவார்ட்ஸ், வாலட், ஏ.ஐ. என்று நாம் கேட்காத ஐகான்கள் மேலே வரிசையாக நிற்கின்றன. மறைக்கலாம், ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து.

எல்லா மாற்றத்தையும் நான் எதிர்க்கவில்லை. 2017-இல் பழைய ஆட்-ஆன்கள் செத்துப்போனது வலித்தது, ஆனால் அவை பிரௌசரின் உள்ளுக்குள் எதையும் தொடலாம் என்ற நிலை ஆபத்தானது, காரணம் புரிந்தது. ஆள் அடையாளத்தை மறைப்பதற்கென்றே இருக்கும் டோர் பிரௌசர் 2019-இல் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் ஓரம் விட ஆரம்பித்தது. பார்க்க அழகில்லைதான். ஆனால் ஜன்னலின் அளவை வைத்தே ஒருவரைத் தனியாக அடையாளம் காணலாம், அதை மறைக்கத்தான் அந்த ஓரம். இப்படிக் காரணம் இருந்தால் நானே கடை கடையாகப் போய் விளக்குவேன். டேப்பின் மூலை வளைந்தால் யாருடைய ரகசியம் காப்பாற்றப்படுகிறது?

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, தோற்ற மாற்றமும் பாதுகாப்புத் திருத்தமும் ஒரே பொட்டலத்தில் வருவது. ஃபயர்பாக்ஸ் 2020-லிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. பட்டன் ஓடிப்போனதில் சூடுபட்ட கடைக்காரர் அடுத்த முறை என்ன செய்வார்? அப்டேட்டை நிறுத்திவைப்பார். அதோடு ஓட்டையும் அடைபடாமல் இருக்கும். பாதுகாப்புக்காக வந்தவரைப் பாதுகாப்பில்லாமல் ஆக்குவது அந்தப் பொட்டலம்தான்.

இதற்கு வழி தெரியாதவர்களும் அல்ல அவர்கள். ஃபயர்பாக்ஸிலேயே இ.எஸ்.ஆர். என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பு இருக்கிறது. சுமார் ஒரு வருஷம் முகம் மாறாது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். குரோம் 2023 தொடக்கத்திலேயே கைவிட்ட விண்டோஸ் 7-க்கு, ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா 115 இ.எஸ்.ஆர். வழியாகத் திரும்பத் திரும்பக் கெடுவை நீட்டித்தது. எங்கள் பக்கம் அதில் ஓடிய மெஷின்களில் பட்டன் காணோம் என்ற புகாரே வந்ததில்லை. அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் ஆண்ட்ராய்டுக்கு இ.எஸ்.ஆர். கிடையாது. வட சென்னையில் பெரும்பாலானவர்களின் இன்டர்நெட்டே போன்தான்.

மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை முன்னிறுத்துவதற்காகக் கூகுள் தரும் பணம். ஆட்கள் குறையக் குறையப் பயம் வருகிறது, குரோமில் இருப்பவரை இழுக்கக் குரோம் மாதிரியே தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. குரோம் வேண்டாம் என்று வந்தவர்களை அப்புறம் யார் பார்த்துக்கொள்வது?

நான் கேட்பது இவ்வளவுதான். அழிக்கும் பட்டன், தனி டேப் பட்டன் இரண்டையும் நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பழைய இடத்திலும் கொஞ்ச காலம் விட்டுவையுங்கள். தோற்றத்தைத் தனி அப்டேட்டாகக் கொடுத்து, வேண்டுமா என்று கேளுங்கள். போனுக்கும் ஒரு இ.எஸ்.ஆர். கொடுங்கள்.

அதுவரை, இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை, பிரௌசிங் கடை வைத்திருப்பவர்கள் மெசஞ்சரில் சொல்லுங்கள். வந்து இ.எஸ்.ஆர். போட்டு, விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஆட்-ஆனும் சேர்த்து, அழிக்கும் பட்டனை வெளியே எடுத்துவைத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.